முழங்காலைக் குறித்து ஓர் அறிக்கை



கடந்த ஆறு மாதங்களாக நான் முழங்காற்படியிடாமல் நின்றுகொண்டே ஜெபித்து வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். திருவிருந்து ஆராதனையில் பாவ அறிக்கை செய்யும் வேளையிலும் பீடத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலர் அன்போடு விசாரித்தீர்கள். "முழங்காலில் கொஞ்சம் வலி" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த வலி தணிய நான் வீட்டிலேயே செய்துவந்த பயிற்சிகளைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு அது பயன்படக்கூடும். ஆனால் அதற்கு முன் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது.

சென்ற செப்டம்பர் மாதத்து வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றில், நம் சபையின் மூத்தவர் ஒருவர் எனக்காக ஜெபித்தார். எங்களுக்காக முழங்காலில் நின்று நின்று தேய்ந்துபோன ஐயாவுடைய கால்களைத் தொட்டருளும் என்று உருக்கத்தோடு வேண்டினார். கூடியிருந்தவர்கள் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன்.

என் முழங்கால் ஜெபத்தினால் கெட்டதல்ல. கைப்பந்து விளையாடிக் கெட்டது.

மே மாதத்து வாலிபர் முகாம் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று நாளும் மாலையில் வலை கட்டினார்கள். கல்லூரி நாட்களில் நான் வலையருகே எழும்பி அடிக்கிறவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பந்தைத் தொடாதவன், 51 வயதில், பிள்ளைகள் கைதட்டக் கைதட்டக் குதித்தேன். முகாமோடு விட்டேனா? ஊர் திரும்பிய பின்பும் ஆலய மைதானத்தில் வாரத்துக்கு நான்கு மாலை அவர்களோடு இறங்கினேன். ஜூன் மாதத்தில் வலது முழங்காற்சில்லின் கீழ்முனையில், ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், ஒரு வலி தொடங்கியது. ஆட்டம் தொடங்கும்போது வலிக்கும். உடம்பு சூடேறியதும் மறைந்துவிடும். மறுநாள் காலையில் படியிறங்கும்போது திரும்ப வரும். நடுவில் மறைந்துவிடுகிறதே என்று நான் ஏமாந்தேன். ஆகஸ்டில் முழங்காற்படியிட்டால் எழுந்திருக்க முடியாத நிலைக்கு வந்தேன்.

அக்டோபரில் நகரத்திலுள்ள ஓர் இயன்முறை மருத்துவரிடம் போனேன். என் மகள் வயதுப் பெண். போகுமுன் நான் கொஞ்சம் படித்துவைத்திருந்தேன். முழங்காற்சில்லுக்குக் கீழே, தோலுக்கும் தசைநாணுக்கும் நடுவில், ஒரு சிறு நீர்ப்பை உண்டு. நெடுநேரம் முழங்காலில் நிற்கிறவர்களுக்கு அது வீங்கும். அதற்கு ஆங்கிலத்தில் வழங்கிவரும் பழைய பெயர் 'குருமாரின் முழங்கால்' என்பதாகும். சில்லுக்கு முன்னாலுள்ள பை வீங்கினால், அதற்கு 'வீட்டுப் பணிப்பெண்ணின் முழங்கால்' என்று பெயர். தரையைத் துடைக்கிறவர்களையும் ஜெபிக்கிறவர்களையும் மருத்துவ உலகம் அருகருகே வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு வந்திருப்பது குருமாரின் முழங்கால்தான் என்று ஒருவிதப் பெருமையோடே அங்கே போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் சில்லின் கீழ்முனையைப் பெருவிரலால் அழுத்தினார். நான் துள்ளினேன்.

"சமீபத்தில் எங்கேயாவது குதித்தீர்களா, ஃபாதர்?"

நான் ஃபாதர் அல்ல, ஐயா என்றுதான் எங்களை அழைப்பார்கள் என்று திருத்துகிற தைரியம் அப்போது எனக்கு இல்லை. "வாலிபப் பிள்ளைகளோடு கொஞ்சம் வாலிபால்..." என்றேன்.

"எத்தனை நாளாக?"

"மே மாதத்திலிருந்து."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அவர் எழுதிய நோய்க்கும் ஆங்கிலத்தில் ஒரு வழக்குப் பெயர் இருக்கிறது: 'குதிக்கிறவரின் முழங்கால்'.

அது என்னவென்று விளக்குகிறேன். தொடையின் முன்தசை முழங்காற்சில்லைப் பற்றியிருக்கிறது. சில்லிலிருந்து கணைக்கால் எலும்பின் மேற்பகுதிவரை ஒரு பட்டையான தசைநாண் இறங்குகிறது. நாம் பேச்சுவழக்கில் இதையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தில் யாக்கோபின் தொடைச்சந்தில் தொடப்பட்டதையும் தமிழ் வேதாகமம் நரம்பு என்றுதான் சொல்கிறது. உணர்ச்சியைக் கடத்துகிற நரம்பு வேறு, தசையை எலும்போடு கட்டுகிற இந்த நாண் வேறு. எழும்பும்போதும், அதைவிடத் தரையில் வந்து ஊன்றும்போதும், உடல் எடையின் பல மடங்கு பாரத்தை இந்த நாண் தாங்குகிறது. பழக்கமில்லாத நாணின்மேல் அந்தப் பாரம் திடீரென்று, இடைவெளியில்லாமல் விழுந்தால், புரிகள் ஒழுங்கு குலைந்த கயிற்றைப்போல அதன் நார்கள் குலைகின்றன.

இதை வெறும் வீக்கம் என்று எண்ணி நான் செய்தவை மூன்று. தைலம் தடவினேன், வலி மாத்திரை விழுங்கினேன், பின்பு மூன்று வாரம் முழு ஓய்வு எடுத்தேன். ஓய்வில் வலி போய்விட்டது. குணமாயிற்று என்று ஸ்தோத்திரம் சொல்லி முழங்காற்படியிட்டு எழுந்த முதல் நாளே திரும்ப வந்தது. வேலை இல்லாத தசைநாண் இன்னும் பலவீனமாகிறது, தொடைத்தசையும் அதோடு மெலிகிறது என்று மருத்துவர் சொன்னார். நாள்பட்ட இந்த வலியில் அழற்சி முதன்மையான காரணம் அல்ல. ஆகவே அழற்சியைத் தணிக்கும் மாத்திரை நாணைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அதற்கு வேண்டியது பாரம். தாங்கக்கூடிய அளவில், மெதுவாக, மாதக்கணக்கில் ஏற்றப்படுகிற பாரம்.

வலிக்கிற இடத்தின்மேல் பாரம் ஏற்றுவதா என்று நான் தயங்கியபோது அவர் ஒரு சம்பவத்தைச் சொன்னார். சுவீடனில் ஊமியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சனுக்குக் குதிகால் தசைநாணில் வலி. அறுவைச் சிகிச்சை செய்துவிடும்படி தம் மேலதிகாரியிடம் கேட்டார்; அவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்துபோனால் செய்துதானே ஆகவேண்டும் என்று எண்ணி, அதை வேண்டுமென்றே கெடுக்கக் கடினமான குதிகால் பயிற்சிகளைச் செய்யத் தொடங்கினார். கெடவில்லை, வலி நீங்கிவிட்டது. பிறகு அதை நோயாளிகளுக்கு 12 வாரப் பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்து 1998இல் வெளியிட்டார். குதிகாலில் தொடங்கிய அந்த எண்ணம் முழங்காலுக்கும் வந்தது. கெடுக்க நினைத்தது நன்மையாய் முடிந்ததைக் கேட்டபோது எனக்கு யோசேப்பின் சகோதரர்கள் நினைவுக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லவில்லை.

ஊசி போட்டுக்கொண்டால் என்ன என்றும் கேட்டேன். டென்மார்க்கில் 2009இல் வெளியான ஓர் ஆய்வை அவர் எடுத்துச் சொன்னார். இதே முழங்கால் வலி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மற்றவர்களுக்கு 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். 12 வாரத்தில் எல்லாருமே தேறினார்கள். அரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஊசி போட்டுக்கொண்டவர்கள் பின்வாங்கியிருந்தார்கள். பாரத்தை மெதுவாகத் தூக்கிப் பயிற்சி செய்தவர்கள் நிலைத்திருந்தார்கள். நான் ஊசியைக் கைவிட்டேன்.

இனிப் பயிற்சிகள். முதல் இரண்டு வாரம் அசைவே இல்லாத ஒன்றுதான். சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை முன்னே வைத்து, கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் பாதி உட்கார்ந்தவனைப்போல முழங்காலை மடக்கி, அப்படியே நிற்கவேண்டும். 45 விநாடி. இரண்டு நிமிடம் இளைப்பாறி மறுபடியும். இப்படி ஐந்து முறை, காலையிலும் மாலையிலும். தொடை நடுங்கும், நடுங்கட்டும். இத்தகைய அசைவற்ற பயிற்சி சிலருக்கு வலியை அப்போதைக்கே தணிக்கிறது. எனக்கு முதல் வாரத்திலேயே படியிறங்குவது சற்று எளிதாயிற்று. பின்பு பழைய நாடாக் கட்டிலின் அகலமான நாடாவை ஜன்னல் கம்பியில் கட்டி, அந்த வளையத்துக்குள் இரண்டு காலையும் விட்டு, முழங்காலின் பின்புறம் அது தாங்க, பின்பக்கமாக அமர்ந்து நின்றேன். இதில் பாரம் இன்னும் நேராகத் தொடைத்தசையில் இறங்குகிறது. (ஜன்னல் கம்பியை முதலில் இழுத்துப் பாருங்கள். குருமனை ஜன்னலை நான் நம்பியது தைரியம்தான்.)

45 விநாடியை எப்படி எண்ணுவது? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஒரு விநாடி ஒரு நாழிகையாகிறது. பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய முக்கால் நிமிடம் ஆகிறது என்பதைக் கண்டுகொண்டேன். ஐந்து முறை பரமண்டல ஜெபம். கடமைக்குச் சொல்கிறேனா, மெய்யாகவே ஜெபிக்கிறேனா என்று முதலில் உறுத்தியது. தொடை நடுங்கும்போது சொல்லும் ஜெபத்தில் மனம் வேறெங்கும் அலைவதில்லை என்பதை மட்டும் சொல்லுவேன். நற்கருணைப் பந்தியில் அதே ஜெபத்தைச் சொல்லும்போது அடுத்த அறிவிப்பு எங்கே வைத்தேன் என்று தேடியிருக்கிறேன்.

மூன்றாம் வாரத்திலிருந்து அசைவு. நாற்காலிக்கு முன் நின்று, மூன்று எண்ணுவதற்குள் மெதுவாக உட்கார்ந்து, மூன்று எண்ணுவதற்குள் எழுந்திருப்பது. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். நாணுக்கு அந்த இடைநாள் தேவை. தினமும் செய்தால் சீக்கிரம் குணமாகும் என்கிற கணக்கு இங்கே செல்லாது. அது இலகுவானபோது தோளில் பையை மாட்டிக்கொண்டேன். பையில் முதலில் 3 கிலோ அரிசி, பின்பு 5 கிலோ, டிசம்பர் முடிவில் 10 கிலோ. அரிசிப் பையை முதுகில் சுமந்து அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து எழுகிற போதகரை என் மனைவி முதல் நாள் வியப்போடும் இரண்டாம் நாள் சலிப்போடும் பார்த்தாள். அரிசியை மட்டும் திரும்ப டப்பாவில் கொட்டிவிடுங்கள் என்றாள். அதற்குப் பின் ஒற்றைக் காலில். கடைசியாகக் குருமனைப் படியில் நின்று, வலக்காலில் பாரத்தை வைத்து, இடக்குதிகால் கீழே தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்குவது.

வலித்தால் நிறுத்தவேண்டுமா? இதில்தான் பலர் தவறுகிறோம். பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். பயிற்சியில் மூன்றுவரை வலி இருக்கலாம். மறுநாள் காலையில் அது பழைய அளவுக்கு இறங்கியிருக்கவேண்டும். இறங்காவிட்டால் பாரம் மிஞ்சிற்று என்று பொருள். அடுத்த முறை குறைக்கவேண்டும், விட்டுவிடக் கூடாது. தினமும் காலையில் ஒற்றைக் காலில் சற்றே மடங்கி எழுந்து, அந்த எண்ணைச் சபை நாள்காட்டியில் எழுதிவைத்தேன். அக்டோபர் மாதத்துச் சதுரங்களில் ஐந்தும் ஆறும் இருக்கின்றன. நவம்பரில் மூன்று, நான்கு, மூன்று, இரண்டு. அப்புறம் திடீரென்று ஒரு ஏழு.

அது அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள். பந்தி முடிந்து பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து தானாக என் பக்கம் உயர்ந்து வந்தது. ஒரே ஒரு முறைதான் எழும்பினேன். அடித்தது புள்ளியும் ஆயிற்று. பத்து நாள் மறுபடி சுவரில் சாய்ந்து நின்றேன்.

இப்போது பிப்ரவரி. எண் பெரும்பாலும் பூஜ்யம், சில நாள் ஒன்று. தலையணை போட்டு முழங்காற்படியிட முடிகிறது; எழும்போது இடக்காலை முன்னே வைத்து எழுகிறேன். ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். முழங்காலில் ஏதோ அறுந்ததுபோல் சத்தம் கேட்டு அதன்பின் காலை நேராக நீட்ட முடியாவிட்டால், மூட்டு முழுவதும் வீங்கியிருந்தால், காய்ச்சலோ சிவப்போ சேர்ந்திருந்தால், இரவில் ஓய்விலும் வலி எழுப்பினால், இந்தப் பதிவை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். எல்லா முழங்கால் வலியும் ஒரே வலி அல்ல. வயதானவர்களில் பலருக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். அதற்கும் பயிற்சி உண்டு, ஆனால் வகையும் அளவும் வேறு.

இங்கே நான் இரண்டாவது அறிக்கைக்கு வருகிறேன்.

யாக்கோபு என்ற பெயரில் தமிழ் வேதாகமத்தில் பலர் உண்டு. நொண்டி நடந்த யாக்கோபைச் சொன்னேன். ஆண்டவருடைய சகோதரன் எனப்பட்ட யாக்கோபைக் குறித்து, இரண்டாம் நூற்றாண்டின் ஹெகெசிப்பஸ் எழுதியதைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எடுத்துவைத்திருக்கிறார்: தேவாலயத்தில் ஓயாமல் முழங்காலில் நின்றபடியால் அவருடைய முழங்கால்கள் ஒட்டகத்தின் முழங்கால்களைப்போலத் தடித்துப்போயின என்பது அந்தச் செய்தி. இதை நான் எத்தனை பிரசங்கங்களில் சொல்லியிருக்கிறேன் என்பதை நீங்களே அறிவீர்கள். கடந்த ஆண்டு லெந்து காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், லித்தானியா வேளையில் சிலர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதைக் கண்டு, ஒட்டக முழங்காலைச் சொல்லி, நமக்கோ மெத்தை முழங்கால் என்று கேலியாகப் பேசினேன். சிலர் சிரித்தார்கள்.

அன்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் நம் ஓய்வுபெற்ற ஆசிரியை. அடுத்த வெள்ளியிலிருந்து அவர் மாலை ஆராதனைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவார், பின்வரிசையில் அமர்வார், திருவிருந்துக்கு முன்னே வராமல் போய்விடுவார். நான் அதைக் கவனிக்கவில்லை. பீடத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதங்களில் என் மனைவிதான் சொன்னாள். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். நான் நாற்காலியில் மெதுவாக உட்காருவதைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு முழங்கால் இன்னும் சரியாகவில்லையா? ஜெபத்தில் தேய்ந்ததென்று சொன்னார்களே" என்று கேட்டார்.

"டீச்சர், அது வாலிபால் ஆடி வந்தது" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கிய பின்புதான் லெந்து வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் பேச முடிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடவில்லை. "11 வருஷமாக எனக்குத் தேய்மானம், ஐயா. கீழே இறங்கினால் எழுந்திருக்க மாட்டேன். அதை எழுந்து நின்று எல்லாருக்கும் சொல்லவா முடியும்?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

என் பயிற்சிகளை அவருக்குச் சொல்லிக்கொடுக்க நான் துணியவில்லை. ஆனால் அவரிடமே ஒரு தாள் இருந்தது. பல வருடங்களுக்கு முன் மருத்துவர் கொடுத்தது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் மடித்தபடியே இருந்தது. காலை நீட்டித் தூக்குவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது என்று படங்களோடு போட்டிருந்தது. "ஒருநாளும் செய்யவில்லை. வலிக்கும் என்று பயம்" என்றார். முதலில் அந்தத் தாளோடு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வருவோம் என்று தீர்மானித்தோம். நேற்று என் மனைவி அவரை அழைத்துப் போனாள். செய்யலாம் என்று சொல்லி, தொடங்குவதற்கு ஐந்து முறை போதும் என்று அளவும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று மாலை நான் போனபோது, அடுக்களை நாற்காலியைச் சுவரோடு தள்ளி வைத்திருந்தார். நான் அருகே நின்றேன். பரமண்டல ஜெபத்தைக் கொண்டு எண்ணுவதைச் சொன்னேன். "எழுந்து உட்காருவதற்கு அவ்வளவு நீளம் எதற்கு, ஐயா? எண்ணிக்கை போதும்" என்று, முப்பது வருடம் வகுப்பில் வாய்பாடு சொல்லிக்கொடுத்த குரலில் ஒன்று, இரண்டு என்று தாமே எண்ணினார். ஐந்து வரை எழுந்தார். ஐந்தாவதில் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

வருகிற லெந்து வெள்ளிக்கிழமைகளில் ஆலயத்தின் முன்பகுதியில் நாற்காலிகள் போடப்பட்டிருக்கும். லித்தானியாவை நான் அவற்றில் ஒன்றில் உட்கார்ந்து நடத்துவேன். முழங்காற்படியிட முடிந்தவர்கள் படியிடுங்கள். மற்றவர்கள் என்னோடு வந்து உட்காருங்கள். செப்டம்பரில் எனக்காக ஜெபித்த மூத்தவரிடம் நேற்றே நேரில் உண்மையைச் சொல்லிவிட்டேன். டீச்சரிடம் நாற்காலிகளைப் பற்றிச் சொன்னேன். வருவதாக அவர் இன்னும் சொல்லவில்லை.